பர்னாலாவைக் கூரையிலிருந்து இறக்கியவன்

ஒரே ஒரு பொய் சொல்லி, ஆம்பூரிலேயே பெரிய குரல் கொண்ட மனிதரை ஒரு வருஷம் ஊமையாக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால், அதற்குள் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். அவர் காலத்தில் எங்கள் தெருவில் சொந்த வீடு வைத்திருந்த எந்த ஆண்பிள்ளையும், எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும், அவர் கையால் தலை நனையாமல் ஐப்பசி மாதத்தைப் பார்த்ததில்லை. கவர்னர் எங்கள் தெருவில் வீடு வாங்கியிருந்தால் கவர்னரும் நனைந்திருப்பார்.

கூரைத் தண்ணீர் வடிகிற தூம்பை எங்கள் ஊர் உருதுக்காரர்கள் பர்னாலா என்பார்கள். மழைக்கு முன்னால் தூம்புகளைச் சுத்தம் செய்ய வருகிற அவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்டால், "அது கீழ இருக்கறவங்களுக்கு. எனக்கு எதுக்கு?" என்பார். உலகத்தில் இரண்டு சாதிதான் உண்டு என்பது அவருடைய கொள்கை. மேலே இருப்பவர்கள் ஒரு சாதி, கீழே இருப்பவர்கள் ஒரு சாதி. மேல்சாதியில் அவர், காக்கைகள், அணில்கள், இரண்டொரு குரங்குகள். மற்ற எல்லாரும் கீழே.

மூங்கில் ஏணிக்குக் கால் முளைத்தது போன்ற உருவம். எந்தப் பட்டாளத்துக்காரனோ கழற்றிப் போட்ட காக்கிக் கோட்டு ஒன்றை வருஷம் முழுவதும் மாட்டியிருப்பார். அதன் பைகளுக்குள் கொத்துக்கரண்டி, ஈர்க்குக் கட்டு, வெற்றிலைப் பொட்டலம், சில நாட்களில் ஒரு காக்கைக் குஞ்சு. தரையில் நிற்கும்போது யாரைப் பார்த்தாலும் "நீங்க" என்பார். ஏணியில் பாதி ஏறியதும் அது "நீ" ஆகிவிடும். ஓட்டில் கால் வைத்தபின் "டேய்" வருவதும் உண்டு.

ஆம்பூரில் கூரை அடைபடுவது மற்ற ஊர்களில் அடைபடுவது போல அல்ல. மற்ற ஊர்களில் இலை விழும், கூட்டித் தள்ளினால் போய்விடும். எங்கள் ஊரில் தோல் பதனிட ஆவாரம் பட்டையை மலை மலையாக இடிப்பார்கள். கோடை முழுவதும் அந்தத் தூள் காற்றில் ஏறி ஓடுகளில் படியும். தோல்களிலிருந்து வழித்துக் காயப்போட்ட ஆட்டு மயிரும் பறந்து வந்து அதோடு சேரும். கூரையின் இரண்டு சாய்ப்புகள் சந்திக்கிற மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். அங்கே பதித்திருக்கும் தகர ஓடையில் தூளும் மயிரும் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கம்பளியில் சுட்ட அடை மாதிரி கிடக்கும். முதல் மழையில் அது ஊறி வீட்டுக்குள் சொட்டினால், சொட்டுவது தண்ணீர் இல்லை, தோலை ஊறவைக்கிற கஷாயம். வெள்ளை வேட்டியில் அது பட்டால் வண்ணான் கைகூப்பி விடுவான்.

ஆகவே ஆடி கழிந்ததும் தெருவே பர்னாலாவுக்காகக் காத்திருக்கும். அவர் வருவது தோளில் இருக்கும் ஏணியைப் பார்த்துத் தெரியாது, குரலைக் கேட்டுத் தெரியும். கூரையில் அகப்படும் ஒவ்வொரு பொருளையும் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பது அவர் வழக்கம்.

"மரக்கடைக்காரர் வூட்டு மேல ஒரு பந்து! ரெண்டு பட்டம்! ஒரு செருப்பு! பொம்பளை செருப்பு!"

மரக்கடைக்காரர் மனைவி வாசலுக்கு வந்து கத்துவாள். "அது என் செருப்பு இல்ல!"

"அது எனக்கும் தெரியும்மா. ஒன் காலு இதுல நுழையாது."

அந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று கேள்வி. மரக்கடைக்காரர் பேட்டை ஹோட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிற்பாடு அந்தச் செருப்பை ஒரு குரங்கு பக்கத்துத் தெருவிலிருந்து தூக்கி வந்தது என்று தெரியவந்தது. ஆனால் பர்னாலா கூரையிலிருந்து சொன்ன எதையும் எங்கள் தெரு சந்தேகப்பட்டதில்லை. மேலே இருந்து கத்தினால் அது சத்தியம் என்று ஒரு பழக்கம் ஏற்பட்டுப் போயிற்று.

வேலை முடியும்வரை அவர் கீழே இறங்கமாட்டார். சாப்பாடு கூடையில் கயிறு கட்டி மேலே போகும். எங்கள் முதலாளி ஹாஜியார் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. ஹாஜியாரின் மனைவியைத் தெருவே பீபிம்மா என்று அழைக்கும். அந்த அம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

"பர்னாலா, சோறு வருது, கயித்தப் புடி! எறங்கி வந்து துன்னா இன்னா, ராஜ்யம் பூடுமா?"

"ராஜ்யம் பூடாது பீபிம்மா. மேகம் பூடும். ஏலகிரி மேல குந்திக்கினு பாத்துனே கீது. நான் எறங்கினா, வேலை முடிஞ்சிச்சின்னு கெளம்பிடும்."

இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மேகங்களுக்குத் தம்மைத் தெரியும் என்று உறுதியாக நம்பினார். சுத்தமான தூம்புள்ள வீட்டில் மழை மரியாதையாகப் பெய்யும், அடைப்புள்ள வீட்டில் வேண்டுமென்றே பெய்யும் என்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஜோசியம் சொல்வார். பத்துக்கு எட்டு தப்பும். தப்பினால் காற்றைத் திட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய தலைநனைப்பு. தூம்பைச் சுத்தம் செய்து முடித்ததும், மேலே சில குடம் தண்ணீர் ஏற்றச் சொல்வார். பிறகு வீட்டுக்காரர் தெருவுக்கு வந்து தூம்பு வாய்க்கு நேர் கீழே நிற்க வேண்டும். வேலைக்காரன் கூடாது, மருமகன் கூடாது. பர்னாலா மேலே தண்ணீரைச் சாய்ப்பார். அது தகர ஓடையில் ஓடி, தூம்பு வழியாக வந்து, சொந்தக்காரர் தலையில் விழ வேண்டும். தண்ணீர் எந்த மூலையில் கசிகிறது என்று அந்த ஓட்டத்திலேயே பார்த்துக்கொள்வார். அந்த மூலையைச் சுண்ணாம்பும் வெல்லமும் கலந்து பூசிவிட்டு அப்புறம்தான் இறங்குவார்.

"கண்ணால பாத்தா போதாதா, பாய்?" என்று ஒரு முறை கேட்டவருக்கு அவர் சொன்ன பதில்: "கண்ணால பாத்தவன் மறந்துட்டு, மழையில வந்து 'நீ செய்யவே இல்ல'ன்றான். தலையில வாங்கினவன் எவனும் மறந்ததில்ல."

எங்கள் தெருவில் வீடு வாங்கிய ஒரு சப் மாஜிஸ்திரேட் நிற்க மறுத்தார். பர்னாலா இறங்க மறுத்தார். மத்தியானம் கச்சேரிக்குப் போய்த் திரும்பி வந்தார் மாஜிஸ்திரேட். பர்னாலா ஓட்டு முகட்டில் குதிரைமேல் உட்காருவது போல உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் மாஜிஸ்திரேட் குடையைப் பிடித்துக்கொண்டு தூம்படியில் வந்து நின்றார்.

"கொடைய மடி!"

"மடிக்காவிட்டால்?"

"கொடைக்குத்தான் வேலை செஞ்சேன்னு ஆவும். கூலிய அதுகிட்டயே கேட்டுக்கறேன்."

குடை மடிந்தது. அந்த வருஷம் அவர் தீர்ப்புகளில் கொஞ்சம் கருணை கூடியது என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் அதற்குப் பொறுப்பல்ல.

இனி என் விஷயம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலூரில் எப்.ஏ. படித்துத் தேறி, ஹாஜியாரின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். ரைட்டர் என்றால் கணக்கும் இங்கிலீஷ் கடிதமும் எழுதுகிறவன். தோலைத் தொடாமலேயே தோலைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு நினைப்பு. முதல் சம்பளத்தில் மதராஸிலிருந்து கறுப்பு அல்பாகா கோட்டு ஒன்று தருவித்து, அதைப் போட்டுக்கொண்டுதான் பல் விளக்குவேன்.

ஹாஜியார் மகளுக்கு ஐப்பசியில் நிக்காஹ். தோல் ஏலத்துக்காக அவர் மதராஸ் போகும்போது, "கூரை வேலைய நீ நின்னு பாத்துக்கோ, ரைட்டரே. எனக்குப் பதிலா நீதான் நிக்கணும். பர்னாலா கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றார். நின்று பார்த்துக்கொள்வது என்றால் மேற்பார்வை என்று நினைத்தேன். தூம்புக்குக் கீழே நிற்பது என்று பர்னாலா நினைத்தார். ஹாஜியார் நினைத்ததும் அதுதான்.

வேலை முடிந்த சாயங்காலம் பர்னாலா மேலிருந்து கூப்பிட்டார்.

"ரைட்டரே! வா, வந்து நில்லு. மொதலாளி தலைக்குப் பதிலா ஒன் தலை. சின்னத் தலைதான், பரவால்ல."

தெருவில் ஷாப்பு ஆட்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் வளையல்கள் சிரித்தன. எனக்கு முகம் சிவந்தது.

"வேறு யார் தலையிலாவது ஊற்று. இது படித்தவன் தலை" என்றேன்.

"படிச்ச தலை நனைஞ்சா எழுத்து அழிஞ்சிடுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்போது சொன்ன வார்த்தையை இன்றைக்கும் அப்படியே எழுதக் கூசுகிறது. கூரையில் ஊர்கிற பிராணிகளோடு பேசுவதற்கு நான் சம்பளம் வாங்கவில்லை என்ற அர்த்தத்தில் ஒன்று சொன்னேன். சிரிப்பு நின்றுபோயிற்று. பர்னாலா குடத்துத் தண்ணீரை ஓட்டிலேயே கவிழ்த்துவிட்டு ஏணியில் இறங்கினார். தரையில் கால் பட்டதும், "மூலை ஒண்ணு பூசாம கீது. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பார்த்துக்கொண்டேன். தோல் ஊரில் இருந்துகொண்டு கசிவுக்குச் சுண்ணாம்பைத் தேடுவானேன் என்று தோன்றியது. ஷாப்பின் சுண்ணாம்புக் குழியருகே, மயிர் வழித்து வெள்ளையாகக் கிடந்த பச்சைத் தோல் துண்டு ஒன்றை எடுத்துவந்தேன். பதனிடாத தோல். பிசைந்த மாவு போல மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரங்களை ஓட்டுக்கு அடியில் செருகினேன். இரண்டு வெயிலில் அது காய்ந்து இரும்புத் தகடு மாதிரி ஆயிற்று. தட்டிப் பார்த்தேன், டங் என்றது. ஒரு மேஸ்திரிக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று கர்வமாக இருந்தது. மேஸ்திரிக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். ஷாப்பில் தோல் கழுவுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்: காய்ந்த பச்சைத் தோல் தண்ணீர் பட்டால் ஊறி, உப்பி, வழுக்கிக்கொண்டு கிளம்பும்.

நிக்காஹ் அன்று பகல் விருந்து. பேரணாம்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் வெள்ளை வெளேரென்று வரிசையாக அமர்ந்திருந்தார்கள். பிரியாணி தேக்சாவைத் திறந்த நேரம், மழை பிடித்தது. மரியாதையான மழை இல்லை. மேலே என் தோல் ஊறியது, உப்பியது, ஓடையில் சறுக்கி வந்து தூம்பு வாயில் தக்கை போல உட்கார்ந்தது. வீட்டின் பாதிக் கூரைத் தண்ணீர், ஓடுகளில் படிந்திருந்த பட்டைத் தூளையும் கரைத்துக்கொண்டு, ஓடையில் தேங்கி, ஓரம் வழிந்து, கூடத்து விட்டத்தில் கட்டியிருந்த அலங்காரத் துணியில் இறங்கியது. துணி முதலில் தொந்தி போட்டது. பிறகு கர்ப்பிணியாயிற்று. பிறகு நடு மையத்தில் கிழிந்தது.

மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார் தலைப்பாகையிலிருந்து பாதம் வரை பட்டைக் கஷாயத்தில் குளித்தார். நல்ல வேளையாக அவரும் தோல் வியாபாரிதான். தாடியைப் பிழிந்துகொண்டே, "ஹாஜியாரே, உங்க ஷாப்புல சரக்கு பத்தலையா? சம்பந்தி வூட்டையே குழியில போட்டுட்டீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஹாஜியார் ஒருவரைத் தவிர.

"நான் பார்க்கிறேன் முதலாளி" என்று மழையில் பாய்ந்தேன். ஏணி வைத்து ஏறி, தூம்பில் கையை விட்டு, அந்தக் கொழகொழத்த சனியனை இழுத்து எடுத்தேன். தண்ணீர் குபுகுபுவென்று தெருவில் இறங்கியது. கூடத்தில் சொட்டுவது நின்றது. கீழே "சபாஷ் ரைட்டர்!" என்று குரல்கள். தோலைக் கொல்லைப்புறம் வீசினேன். விருந்துக்கு வந்திருந்த நாய்கள் சாட்சியை ஒரு நிமிஷத்தில் தின்று தீர்த்தன.

இறங்கியதும் ஹாஜியார் கேட்டார். "இன்னா அடைப்பு?"

அல்பாகா கோட்டு நனைந்து என் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூளும் இலையும் முதலாளி. பர்னாலா சரியாக வாரவில்லை."

அவ்வளவுதான் பொய். இங்கிலீஷில் எழுதினால் அரை வரிகூட வராது.

பர்னாலா பின்கட்டில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார். கூப்பிட்டார்கள். வந்தார். ரைட்டர் நனைய மறுத்தான், என்னை ஏசினான் என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"மூலைய பூசாம விட்டது நான்தான். சொந்தக்காரன் நனையற வரைக்கும் எறங்கக் கூடாது. நான் கோவத்துல எறங்கிட்டேன். என் தப்புதான், ஹாஜியாரே."

அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். தம் விதியைத் தாமே மீறியதால் வந்த வினை என்று. எனக்கு அன்று கிடைத்த பிரியாணியின் ருசி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சம்பந்திகள் முன்னால் அவமானப்பட்ட ஹாஜியார் அவரை இனிக் கூரையில் ஏற்றுவதில்லை என்றார். ஹாஜியார் சொன்னால் தெரு கேட்கும். பர்னாலாவின் ஏணி ஒரு சுவரில் சாய்ந்து நின்றது. அவர் எங்கள் ஷாப்புக்கே பட்டை மூட்டை தூக்க வந்தார்.

தரையில் நடக்க அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. கண் எப்போதும் கூரை இறவாரத்தில் இருக்கும், கால் மாட்டு வண்டியில் மோதும். ஒரு முறை நடந்துகொண்டே போய் நேராகப் பால்காரியின் மேல் விழுந்து, "மேல ஒரு ஓடு சரிஞ்சி கீது, பாத்துனு வந்தேன்" என்றார். கத்துவதை விட்டுவிட்டார். என்னைத் தினமும் பார்த்தார். "சலாம் ரைட்டரே, நல்லா இருக்கீங்களா?" என்பார். ஒரு வருஷம் முழுவதும் என்னை "நீங்க" என்றார். அதைவிட அவர் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

அடுத்த ஆவணியில் தெருக்காரர்கள் குடியாத்தத்திலிருந்து வேறோர் ஆளைக் கொண்டுவந்தார்கள். அவன் சத்தம் போடவில்லை, யாரையும் நனைக்கவில்லை, கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டான். ஓடுகளில் பாதி அவனோடு இறங்கின. முதல் சாயங்கால மழையில் மரக்கடைக்காரர் தம் கட்டிலின்மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீபிம்மா தேக்சாக்களைக் கூடம் முழுவதும் பரப்பி வைத்துவிட்டு, "பர்னாலா இருந்தா கத்தியாவது இருப்பான். இது சத்தமில்லாம ஒழுவுதே" என்றார்.

நான் ஹாஜியாரிடம் போய், "பர்னாலாவை மறுபடி கூப்பிடலாமே" என்று நைச்சியமாகச் சொல்லிப் பார்த்தேன். "நீதானே சொன்னே, வாரலன்னு" என்றார். அந்த வாக்கியத்தோடு வீட்டுக்குப் போனேன். ஐப்பசி மழை வந்துவிட்டால் அந்த வருஷமும் அவருக்கு இல்லை. இரண்டு வருஷம் தரையில் கிடந்த பிறகு அந்த மனிதரை யார் மேலே ஏற்றுவது?

மறுநாள் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல், நாய், பொய், எல்லாம். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எங்கிட்ட சொன்னா இன்னா பிரயோசனம்?" என்றார். "நீ சொன்ன பொய் இப்ப எங்கிட்ட மட்டுமா கீது? தெருவே சொல்லுது. தெருவுக்குச் சொல்லு. எங்கேருந்து சொன்னா இந்தத் தெரு நம்பும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடிந்து எல்லாரும் தெருவில் வந்துகொண்டிருந்தபோது, அல்பாகா கோட்டோடு ஹாஜியார் வீட்டுக் கூரையில் ஏறினேன். ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஓடு உடைந்தது. முகட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னிடம் இல்லாத குரலில் கத்தினேன்.

"ஹாஜியார் வீட்டு மேலே ஒரு பொய்! போன வருஷத்துப் பொய்! நான்தான் இங்கே பச்சைத் தோலை வைத்தேன்! அதுதான் அடைத்தது! பர்னாலா மேல் தப்பில்லை! நான் பொய் சொன்னேன்!"

தெரு அண்ணாந்து நின்றது. கூட்டத்தின் ஓரத்தில், முதுகில் பட்டை மூட்டையோடு பர்னாலா நின்றிருந்தார். மூட்டையை மெதுவாக இறக்கினார். ஒரு வருஷமாகக் கேட்காத அந்தக் குரல் எழுந்தது.

"டேய் ரைட்டரே! குதிகாலை ஊணாதேடா! வெரல்ல நில்லு, வெரல்ல! ஓடு இன்னா ஒங்கப்பன் வூட்டு அப்பளமா?"

ஓடுகளின் மேல் நான் விரலில் நின்றேன்.

"இன்னா தோலுன்னு சொன்னே?"

"சுண்ணாம்புக் குழித் தோல்!"

"பதம் பண்ணாததா?"

"ஆமாம்!"

முதலில் அவர் தோள்கள் குலுங்கின. பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷாப்பு ஆட்கள் சிரித்தார்கள். தோல் ஊரில் பிறந்த குழந்தைகூடச் செய்யாத காரியம் என்று தெரு முழுவதும் சிரித்தது. பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"ஒரு வருசம்" என்றார். "ஒரு வருசமா அந்த மூலைய மனசுலயே பூசினு கெடந்தேனேடா."

அவர் நேராக வந்து என் ஏணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாய்! நான் எப்படி இறங்குவது?"

"எறங்காதே. இப்ப நீ மேல, நான் கீழ. கூடல்வாய வாரு. நான் சொல்றேன்."

அந்தி வரை வாரினேன். கையால்தான். கொத்துக்கரண்டி தர மறுத்துவிட்டார். பட்டைத் தூளும் ஆட்டு மயிரும் கலந்த அந்த அடையைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் இறக்கினேன். தெருவின் நடுவில் நின்றுகொண்டு அவர் போட்ட சத்தத்தில் ஒரு வருஷத்துப் பாக்கி முழுவதும் தீர்ந்தது. "அங்க இல்ல, எடது பக்கம்! எப்.ஏ.ல எடது பக்கம் சொல்லித் தரலையா?" பீபிம்மா கயிற்றுக் கூடையில் எனக்குச் சோறு அனுப்பினார். அதில் கறி இல்லை. கேட்டதற்கு, "கறி கீழ இருக்கறவருக்கு" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

கடைசியில் குடங்கள் மேலே வந்தன. ஹாஜியார் வெளியே வந்தார். தலைப்பாகையை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். தூம்படியில் போய் நின்று, "பர்னாலா, போன வருசத்துக்கும் சேத்து ஊத்தச் சொல்லு" என்றார்.

நான் சாய்த்தேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடி அந்தப் பெரிய மனிதரின் வழுக்கைத் தலையில் பளாரென்று விழுந்தது. தெரு ஆரவாரித்தது. மரக்கடைக்காரர் ஓடிவந்து பர்னாலாவின் கையைப் பிடித்து, "நாளைக்கு நம்ம வூடு, மொதல்ல நம்ம வூடு" என்றார். இன்னொருவர் "எங்க வூடு" என்றார். அடிதடி ஆகும் போலிருந்தது. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போல அவரை அழைத்துப் போனார்கள். என்னைக் கூரையிலேயே மறந்துவிட்டார்கள். நன்றாக இருட்டிய பிறகு ஷாப்பு ஆள் ஒருவன்தான் நினைவு வந்து இறக்கிவிட்டான்.

அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு வீடுகூட ஒழுகவில்லை. காற்று மேற்கே அடிக்கும் என்றார் பர்னாலா, கிழக்கே அடித்தது. காற்றைத் திட்டினார். உலகம் ஒழுங்காகிவிட்டது.

மன்னித்தேன் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆவணியிலும் முதல் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டு மேலே ஏற்றுவார், ஒரு கூடல்வாயை நான் வார வேண்டும். கலியாணமான பிறகும், ஷாப்பில் தலைமை ரைட்டர் ஆன பிறகும் வாரினேன். அல்பாகா கோட்டை என் மனைவி கிழித்துக் கரித்துணி ஆக்கினாள்.

பிறகு அவருக்கு முழங்கால் போயிற்று. ஏற முடியவில்லை. தெருவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து குரல் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே இருப்பேன். ஒரு நாள் ஊருக்குப் புதிதாக வீடு வாங்கி வந்த ஒருவர், கூரையில் தலைநரைத்த ஆள் ஒருவன் திணறுவதைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"பெரியவரே, மேல கீறது யாரு? நம்பி வேலை கொடுக்கலாமா?"

"கை கொஞ்சம் மந்தம். ஓட்டை ஒடைப்பான்" என்றார் பர்னாலா. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஆனா பொய் சொல்லமாட்டான். நம்ம ஆளு."

நான் தலையைக் குனிந்து ஓடையைப் பார்த்துக்கொண்டேன். அதில் கிடந்த இலைகள் கொஞ்ச நேரம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.